கேம்பிரிட்ஜிலிருந்து ஹிங்ஸ்டனுக்கு: ஒற்றைச் செல் மரபியலின் பாதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் ஹிங்ஸ்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. கணினி உயிரியல் கற்று, ஒற்றைச் செல் மரபியலில் முனைவர் பட்டம் பெற வரும் மாணவர்கள் போய்வரும் வழி இது. இத்துறைக்கு ஸ்டாக்ஹோம், பாஸ்டன், மியூனிக் என்று வேறு ஊர்களும் உண்டு; சில நுட்பங்களில் அவை கேம்பிரிட்ஜை முந்தியவை. ஆனால் உயிரியல் கணக்கு ஒன்று முதன்முதலாகக் கணினியில் போடப்பட்ட இடம், டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் முறை உருவான ஆய்வகம், அந்த வாசிப்பை மலிவாக்கிய யோசனை பேசப்பட்ட மதுக்கடை, ஒரே ஒரு செல்லின் ஆர்.என்.ஏ. வாசிக்கப்பட்ட நிறுவனம் ஆகிய நான்கும் ஒரே வழித்தடத்தில் கிடைப்பது இங்குதான். காலவரிசை மட்டும் வழியில் அடிக்கடி முன்பின்னாகும்.

பெனட் தெருவிலுள்ள ஈகிள் மதுக்கடை வாசலில் சுற்றுலாக் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. 1953 பிப்ரவரி 28 அன்று டி.என்.ஏ.வின் வடிவம் பிடிபட்டுவிட்டதாக ஃபிரான்சிஸ் கிரிக் அறிவித்த இடம் அது. கணினி உயிரியலைத் தேடி வருபவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி, அருகிலுள்ள நியூ மியூசியம்ஸ் வளாகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்த கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸின் குழு கட்டிய எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. சுமார் 3,000 வால்வுகள். நினைவகமோ பாதரசம் நிரப்பிய குழாய்கள். மறு ஆண்டே அதற்கு ஒரு மரபியல் கணக்கு வந்து சேர்ந்தது. ஒரு நிலப்பரப்பில் ஒரு மரபணு வடிவத்தின் வீதம் இடத்துக்கு இடம் எப்படிப் படிப்படியாக மாறும் என்ற சமன்பாட்டை வைத்திருந்தார் ஆர். ஏ. ஃபிஷர். கையால் தீர்த்து முடிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல அது. டேவிட் வீலர் அதை எட்சாக்கில் போட்டுத் தந்தார். ஃபிஷரின் 1950ஆம் ஆண்டுக் கட்டுரை கணினி உயிரியலின் பிறப்புச் சான்றிதழாகப் பரவலாக மதிக்கப்படுகிறது. டி.என்.ஏ.வின் வடிவம் தெரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே மரபியல் கணினிக்குள் புகுந்துவிட்டது என்பதை ஈகிள் வாசலில் நிற்பவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அதே வளாகத்தில் இருந்த பழைய கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜான் கென்ட்ரூ மயோகுளோபின் புரதத்தின் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் குவித்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கூட்டிப் பெருக்கி முப்பரிமாண வரைபடமாக்கும் வேலை எட்சாக்குக்கும் அதன் வாரிசுக்கும் போனது. அந்தக் கணக்கின் பலனாகத்தான் ஒரு புரதத்தின் உருவத்தை முதன்முதலாக மனிதர்கள் பார்த்தார்கள்; 1962இல் நோபல் பரிசும் வந்தது. கேவண்டிஷில் 1940களின் கடைசியில் முனைவர் பட்டம் பெற்று இந்தியாவுக்குத் திரும்பிய ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜி. என். ராமச்சந்திரன் தம் சென்னைப் பல்கலைக்கழகச் சகாக்களுடன் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று அணுக்களின் இடைவெளிக் கணக்கை மட்டுமே கொண்டு வகுத்தது. ராமச்சந்திரன் வரைபடம் இல்லாத புரத அமைப்புப் பாடநூல் இன்றும் கிடையாது.

டென்னிஸ் கோர்ட் சாலையில் தெற்கே நடந்தால் கர்டன் நிறுவனம். முதிர்ந்த செல்லின் உட்கருவும் முழு உயிரியை உருவாக்கும் தகவலை இழப்பதில்லை என்று தவளைகளில் காட்டியவர் ஜான் கர்டன். 2012இல் நோபல் பெற்றவர். குடலின் செல்லுக்கும் கண்ணின் செல்லுக்கும் ஒரே டி.என்.ஏ.தான், எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்பதில்தான் வேறுபாடு என்பது அவருடைய சோதனையின் உட்பொருள். அப்படியானால் ஒவ்வொரு செல்லிலும் இயங்கும் மரபணுக்களைத் தனித்தனியாக எண்ண வேண்டும். நெடுங்காலம் அதற்கு வழியில்லாமல் இருந்தது. பல லட்சம் செல்களை அரைத்து, கலவையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து அளந்தார்கள். ஒரு தெருவின் எல்லா வீட்டுச் சமையலையும் ஒரே அண்டாவில் கொட்டி ருசி பார்த்துவிட்டு, எந்த வீட்டில் உப்பு அதிகம் என்று சொல்ல முயல்வதற்குச் சமம் அது. 2009இல் இந்த நிறுவனத்தின் அசீம் சுரானி குழுவில் ஃபூச்சோ டாங்கும் சகாக்களும் சுண்டெலிக் கருவின் நான்கு செல் பருவத்திலிருந்து ஒற்றைச் செல் ஒன்றைப் பிரித்து, அதன் தூது ஆர்.என்.ஏ.வை வாசித்துக் காட்டினார்கள். அன்றைய வழக்கமான சிப் முறை காட்டியதைவிட 5,270 மரபணுக்கள் கூடுதலாகத் தென்பட்டன. அது 75 சதவீத உயர்வு. ஒரு செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.வே பத்து பிக்கோகிராம் அளவு, அதிலும் தூது ஆர்.என்.ஏ. சில சதவீதம்தான். அதைத் தொலைக்காமல் பெருக்கியதில்தான் அந்தச் சோதனையின் கைத்திறமை இருந்தது.

அதே சாலை லென்ஸ்ஃபீல்ட் சாலையில் முடியும் முனையில் வேதியியல் துறை. அதன் பின்புறத்தில், பாண்டன் தெருவில், பாண்டன் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை. 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சங்கர் பாலசுப்ரமணியனும், லேசர் ஒளி அளவீட்டில் தேர்ந்த டேவிட் கிளெனர்மனும் 1997இல் இங்கே உட்கார்ந்து பேசிய பேச்சிலிருந்து சொலெக்சா நிறுவனம் 1998இல் உருவானது. கண்ணாடிப் பரப்பில் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் நிறமூட்டிய ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து, படம் எடுத்து, தடையை நீக்கி, அடுத்த எழுத்தைச் சேர்ப்பது அவர்கள் முறை. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான துண்டுகள் இப்படி வாசிக்கப்படும். 2007இல் இல்லுமினா என்ற அமெரிக்க நிறுவனம் சொலெக்சாவை வாங்கியது. இன்று ஒற்றைச் செல் ஆய்வில் வாசிக்கப்படும் எழுத்துகளில் பெரும்பங்கு இந்த முறையில் வாசிக்கப்படுபவை. மாணவர்களில் பலர் தாங்கள் நாள்தோறும் திறக்கும் கோப்புகளின் வேர் இந்தச் சிறு தெருவில் இருப்பதை அறியாமலே சைக்கிளில் கடந்து போகிறார்கள்.

ஹில்ஸ் சாலையைப் பிடித்து, ரயில் பாலத்தைத் தாண்டி, ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைப் பக்கம் வந்தால் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம், சுருக்கமாக எல்.எம்.பி. 1962இல் தொடங்கிய இது 2013இல் அதே வளாகத்தில் புதிய கட்டடத்துக்கு மாறியது. ஃபிரெட் சாங்கர் 1977இல் வெளியிட்ட டி.என்.ஏ. வாசிப்பு முறை இங்கே உருவானது. 5,000 எழுத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு வைரஸின் வரிசையைத் துண்டு துண்டாகப் படித்தபோது, துண்டுகளைக் கோத்துச் சரிபார்க்கக் கணினி வேண்டியிருந்தது. அத்தகைய நிரல்களை எழுதிய முன்னோடி ரோஜர் ஸ்டேடன். வரிசை வாசிப்பும் நிரலெழுத்தும் ஒரே கூரையின் கீழ், ஏறத்தாழ ஒரே ஆண்டில் பிறந்தவை. இரண்டையும் பிரித்துச் சொல்லித்தரும் பாடத்திட்டங்கள் இந்த உண்மைக்கு எதிராகவே நடக்கின்றன.

இதே ஆய்வகத்தில்தான் ஜான் சல்ஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் கருவை நுண்ணோக்கி வழியே பார்த்து, ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லிலிருந்து பிரிந்தது என்று பென்சிலால் வரைந்தார். ஒரு நாளில் நான்கு மணி நேரமாக இரண்டு அமர்வுகள், ஒன்றரை ஆண்டு. 1983இல் கருவின் வம்சாவளி முழுமையாக வெளிவந்தது. முதிர்ந்த புழுவில் 959 உடற்செல்கள். வளர்ச்சியின் வழியில் 131 செல்கள் குறித்த நேரத்தில் இறந்துபோகும். 2002இல் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருடன் சல்ஸ்டனுக்கும் நோபல் கிடைத்தது. ஒற்றைச் செல் உயிரியல் என்றால் இப்போது எல்லோரும் இயந்திரத்தை நினைக்கிறார்கள். ஒரு விலங்கின் செல் பட்டியல் முதன்முதலாக முழுமை பெற்றது நுண்ணோக்கியில் பதிந்த கண்ணாலும் பொறுமையாலும்.

துறை மாறுவது எப்படி என்பதற்கும் இந்தக் கட்டடத்தில் உதாரணங்கள் உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் 1976இல் முனைவர் பட்டம் பெற்றபின், உயிரியல் கற்க மறுபடியும் கலிபோர்னியாவில் முதுநிலை மாணவராகச் சேர்ந்தவர். 1999இல் எல்.எம்.பி.க்கு வந்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பெற்றார். சாரா டைக்மான் வேறொரு திசை. ஜெர்மனியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் படித்து, எல்.எம்.பி.யில் சைரஸ் சோத்தியாவிடம் முனைவர் ஆய்வு செய்தார். அது முழுக்கக் கணினி வேலை. 1990களின் கடைசியில் புதிதாக வெளிவந்துகொண்டிருந்த மரபணுத்தொகுதிகளில் புரதக் குடும்பங்களைத் தேடினார். லண்டனில் ஜேனட் தார்ன்டன் குழுவில் இருந்துவிட்டு, 2001இல் எல்.எம்.பி.யில் தமக்கென ஒரு குழு தொடங்கினார். பிறகுதான் சோதனைக்கூட மேசைக்கு வந்தார். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். 2014இல் அவருடைய குழு வெளியிட்ட ஒரு முடிவு இந்த முறையின் பலத்தைக் காட்டியது: உதவி டி செல்களில் ஒரு சிறு பகுதி தானாகவே ஸ்டீராய்டு தயாரிக்கிறது. கலவையை அளந்திருந்தால் அந்தச் சிறுபான்மை சராசரியில் கரைந்திருக்கும்.

முனைவர் படிப்புக்கு வருபவர்கள் பொதுவாக இந்த இரண்டு திசைகளிலிருந்தும் வருகிறார்கள். உயிரியலோ மருத்துவமோ படித்துவிட்டு நிரலெழுதக் கற்பவர்கள் ஒரு பக்கம். கணிதம், புள்ளியியல், இயற்பியல், கணினி படித்துவிட்டுச் செல் என்றால் என்னவென்று கற்பவர்கள் மறுபக்கம். இரண்டாம் வகையினர் முதல் வரைபடத்தைச் சீக்கிரம் போட்டுவிடுவார்கள். அந்த வரைபடம் நம்பத்தக்கதா என்ற சந்தேகம் முதல் வகையினருக்குத்தான் சீக்கிரம் வரும். நிரல் மொழியைச் சில மாதங்களில் பழகிவிடலாம். சந்தேகப்படப் பழகுவதற்குத்தான் நான்காண்டுப் படிப்பு.

மருத்துவமனையின் தென்புறத்திலிருந்து கிரேட் ஷெல்ஃபர்டு ஊருக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. 2005இல் சல்ஸ்டன் திறந்துவைத்த இந்தப் பாதையின் தரையில் நான்கு நிறங்களில் 10,257 கோடுகள். 13ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.ஆர்.சி.ஏ.-2 மரபணுவின் வரிசை அது. பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் மரபணு. அதை 1995இல் கண்டறிந்தது மைக் ஸ்ட்ராட்டன் தலைமையிலான குழு. அவர் பின்னாளில் ஹிங்ஸ்டனின் சாங்கர் நிறுவனத்துக்கு இயக்குநரானார். பாதையின் இரு முனைகளிலும் இரட்டைச் சுருள் சிற்பங்கள் நிற்கின்றன. இதே அளவில் மனித மரபணுத்தொகுதி முழுவதையும் வரைந்தால் பூமியைச் சுமார் பத்து முறை சுற்றிவரும். சைக்கிள் சக்கரம் கடந்து போகும் வேகத்தில் எந்த எழுத்தும் கண்ணில் நிற்காது, நிறம்தான் நிற்கும். ஆனால் இந்தக் கோடுகளில் ஒன்று மாறியிருந்தாலே சில குடும்பங்களின் கதை மாறிவிடும்.

ஷெல்ஃபர்டுக்குப் பிறகு சாஸ்டன், அதற்கப்பால் வயல்வெளி. டக்ஸ்ஃபர்டு விமான அருங்காட்சியகம் பக்கத்தில் இருப்பதால் கோடையில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். கேம் நதியின் கரையில், ஹிங்ஸ்டன் ஹால் என்ற பழைய மாளிகையைச் சுற்றி வெல்கம் ஜீனோம் வளாகம் அமைந்திருக்கிறது. முன்பு உலோகக் குழாய் தயாரிக்கும் ஒரு தொழில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இங்கே இருந்தது. பல்கலைக்கழக விதிப்படி ஆய்வு மாணவர் நகர மையத்திலுள்ள கிரேட் செயின்ட் மேரி தேவாலயத்திலிருந்து பத்து மைல் தொலைவுக்குள் குடியிருக்க வேண்டும். ஹிங்ஸ்டன் அந்த வட்டத்தின் விளிம்புக்குள் வந்துவிடுகிறது.

இன்று சாங்கர் நிறுவனம் எனப்படும் சாங்கர் மையம் 1993இல் சல்ஸ்டன் தலைமையில் இங்கே திறக்கப்பட்டது. மனித மரபணுத்தொகுதித் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாசித்தது இந்த மையம். வேறெந்த ஒரு தனி நிறுவனமும் இவ்வளவு வாசிக்கவில்லை. 1996இல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், வாசித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டதில் சல்ஸ்டனின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்குண்டு. பக்கத்துக் கட்டடம் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம், இ.பி.ஐ. ஹைடல்பர்க் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான டி.என்.ஏ. வரிசைத் தரவகம் 1990களின் நடுவில் இங்கே குடிவந்தது. தரவை உற்பத்தி செய்யும் இடமும் தரவைச் சேமித்துப் பகிரும் இடமும் நடைதூரத்தில் இருப்பது இந்த வளாகத்தின் தனித்தன்மை. 2013இல் இரண்டும் சேர்ந்து ஒற்றைச் செல் ஜீனோமிக்ஸ் மையம் ஒன்றைத் தொடங்கின; டைக்மானும் அந்த ஆண்டில்தான் எல்.எம்.பி.யிலிருந்து இங்கே வந்தார்.

சாங்கர் நிறுவனத்தின் முனைவர் படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டில் மாணவர் உடனே ஒரு குழுவில் கட்டுண்டுவிடுவதில்லை. வெவ்வேறு குழுக்களில் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் தம் ஆய்வைத் தேர்கிறார். கணினிக் குழுவில் ஒரு சுற்று, சோதனைக்கூடத்தில் ஒரு சுற்று என்று போவதன் பலன் பின்னால்தான் தெரியும். அட்டவணையில் ஓர் எண் விசித்திரமாக இருக்கும்போது, அது எந்தக் குழாயில் என்ன நேர்ந்ததால் வந்திருக்கலாம் என்று யோசிக்க, அந்தக் குழாயை ஒருமுறையாவது கையில் பிடித்திருக்க வேண்டும்.

மேசை வேலை திசுவிலிருந்து தொடங்குகிறது. நொதிகளில் ஊறவைத்துத் திசுவைத் தனித்தனி செல்களாகப் பிரிக்க வேண்டும். வெதுவெதுப்பில் அரை மணி, ஒரு மணி வைத்தாலே செல்கள் பதறிவிடும். ஃபாஸ், ஜுன் போன்ற அவசரகால மரபணுக்கள் கிளம்பிவிடும். உடலில் அந்தச் செல் அப்படி இருந்ததா, பிரித்தபோது அப்படி ஆனதா என்பது 2017 வாக்கில் வெளிப்படையாகப் பேசப்பட்ட பிரச்சினை. பிரித்த செல்கள் நுண்குழாய்ச் சிப்பில் எண்ணெய்க்கு நடுவே நானோலிட்டர் அளவுத் துளிகளாக விழும். ஒவ்வொரு துளியிலும் ஒரு செல், ஒரு நுண்மணி என்பது திட்டம். மணியின் மேல் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. இழைகளில் அந்த மணிக்கே உரிய பார்கோடும், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாளமான யூ.எம்.ஐ. என்ற குறுந்தொடரும் இருக்கும். 12 எழுத்து யூ.எம்.ஐ. என்றால் 1,67,77,216 சேர்க்கைகள். செல் உடைந்து அதன் ஆர்.என்.ஏ. மணியில் ஒட்டியபிறகு, எல்லாத் துளிகளையும் ஒன்றாகக் கலந்து வாசித்தாலும் எந்த எழுத்து எந்தச் செல்லுடையது என்று பார்கோடு சொல்லிவிடும். 2015இல் ஹார்வர்டு வட்டாரத்திலிருந்து டிராப்-சீக், இன்-டிராப் என்ற இரண்டு முறைகள் ஒரே நேரத்தில் இப்படி வந்தன. டிராப்-சீக் கட்டுரை சுண்டெலி விழித்திரையின் 44,808 செல்களை 39 வகைகளாகப் பிரித்தது. அதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் ஒரு செல்லைப் படிப்பதே சாதனையாக இருந்தது.

துளிகள் எப்போதும் சொன்னபடி நடப்பதில்லை. ஒரே துளியில் இரண்டு செல்கள் விழுந்தால் உடலில் எங்கும் இல்லாத ஒரு கலப்புச் செல் அட்டவணையில் பிறக்கும். வணிகக் கருவிகளில் 10,000 செல்கள் பிடித்தால் சுமார் 8 சதவீதம் இப்படி இரட்டைகளாக இருக்கலாம். உடைந்த செல்களிலிருந்து கசிந்த ஆர்.என்.ஏ. திரவத்தில் மிதந்து எல்லாத் துளிகளிலும் ஏறும். ஆய்வகப் பேச்சில் அதற்கு சூப் என்றே பெயர். அதைக் கழித்துக்காட்டும் சூப்-எக்ஸ் நிரலை எழுதியவர்கள் சாங்கர் நிறுவனத்தினர்.

மாணவர் கையில் கடைசியில் கிடைப்பது ஒரு பெரிய அட்டவணை: வரிசையில் 20,000 சொச்சம் மரபணுக்கள், நெடுக்கில் ஆயிரக்கணக்கான செல்கள், பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம். சில பூஜ்யங்கள் உண்மையானவை. அந்த மரபணு அங்கே உறங்குகிறது. மற்றவை பிடிபடாமல் போனவை. இந்தச் சத்தத்தை அளக்கும் புள்ளியியல் வழியை 2013இல் ஹைடல்பர்க், ஹிங்ஸ்டன் குழுக்கள் சேர்ந்து வெளியிட்டன. அந்த வேலையில் இருந்த ஜான் மரியோனி, இ.பி.ஐ.யில் தம் குழுவுடன் ஸ்க்ரான் போன்ற நிரல்களைப் பின்னர் உருவாக்கினார். ஆர் மொழிக்காரர்கள் ஓவியர் சேராவின் பெயர் தாங்கிய தொகுப்பையும், பைத்தான்காரர்கள் மியூனிக்கில் பிறந்த ஸ்கேன்பை தொகுப்பையும் பயன்படுத்துகிறார்கள். ஹிங்ஸ்டனில் ஃபார்ம் என்று அழைக்கப்படும் கணினித் திரளுக்கு மாலையில் வேலையை அனுப்பிவிட்டு, காலையில் வந்து பிழைச்செய்தியைப் படிப்பது மாணவர் வாழ்வின் அன்றாடம்.

அடுத்து வருவது யூமேப் படம். 2018இலிருந்து இத்துறையின் ஏறத்தாழ ஒவ்வொரு கட்டுரையிலும் காணப்படும் வண்ணத் தீவுக்கூட்டம் அதுதான். ஆயிரக்கணக்கான பரிமாணங்களை இரண்டாக நசுக்கியதால் தீவுகளுக்கு இடையிலான தூரத்துக்கோ தீவின் பரப்பளவுக்கோ அதிகப் பொருள் கிடையாது. அழகாக இருப்பதால் அதற்கு அளவுக்கு மீறிய மரியாதை கிடைக்கிறது. இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு: எண்ணிக்கை. மூன்று பேரிடமிருந்து 30,000 செல்கள் எடுத்தால், புள்ளியியலுக்குக் கையிலிருப்பது 30,000 சான்றுகளாகிவிடாது. ஒரே மனிதரின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிடும்போது மாதிரி அளவு மூன்றுதான். செல்களையே எண்ணிக் கணக்குப் போட்ட கட்டுரைகளில் இல்லாத வேறுபாடுகள் இருப்பதாகத் தோன்றின என்பது பின்னர் விரிவாக நிறுவப்பட்டது. நாளுக்கு நாள் வேறுபடும் சோதனை, ஆளுக்கு ஆள் வேறுபடும் கை ஆகியவற்றால் வரும் தொகுதி வேறுபாடு இன்னொன்று. நோயாளி மாதிரி எல்லாம் திங்கள்கிழமையும் நலமானவர் மாதிரி எல்லாம் செவ்வாய்க்கிழமையும் ஓடியிருந்தால் எந்த நிரலும் காப்பாற்றாது.

இவ்வளவையும் கடந்து வந்த முடிவுகள் கனமானவை. 2016 அக்டோபரில் லண்டனில் கூடிய கூட்டத்திலிருந்து, டைக்மானும் அமெரிக்காவின் அவீவ் ரெகெவும் தலைமையேற்ற மனித செல் வரைபடத் திட்டம் புறப்பட்டது. உடலில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பீடு. அவற்றில் எத்தனை வகை என்பதே திட்டத்தின் கேள்வி. 2018இல் தாயும் கருவும் சந்திக்கும் நஞ்சுக்கொடிப் பகுதியின் சுமார் 70,000 செல்களை ஹிங்ஸ்டன் குழுவும் கேம்பிரிட்ஜ் குழுக்களும் வாசித்து, தாயின் எதிர்ப்புச் செல்கள் கருவைத் தாக்காமல் இருக்க எந்தச் செல் எந்தச் செல்லிடம் என்ன சமிக்ஞை அனுப்புகிறது என்று வரைந்தன. 2019இல் மரியோனி குழுவும் கூட்டாளிகளும் 411 சுண்டெலிக் கருக்களிலிருந்து 1,16,312 செல்கள் எடுத்து, ஆறரை நாளிலிருந்து எட்டரை நாள் வரை உறுப்புகள் முளைக்கும் விதத்தைப் பதிவு செய்தனர். 2020 ஏப்ரலில் கோவிட் பரவிக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே சேர்த்து வைத்த தரவைத் தோண்டி, வைரஸ் நுழைவதற்கு வேண்டிய இரண்டு புரதங்களும் மூக்கின் உட்புறச் செல்களில் கூடுதலாக இருப்பதைச் சொல்ல முடிந்தது. புதிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. பெர்முடாவில் பிடிவாதம் பிடித்துப் பெற்ற பொதுத் தரவுப் பழக்கம் கொடுத்த பலன் அது.

செல் வகைகளைப் பட்டியலிடுவது உயிரியல். அதில் மரபியல் சேர்வது வேறு கட்டம். மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ.வில் உள்ள சிறு வேறுபாடுகள் ஒரு மரபணுவைக் கூடுதலாகவோ குறைவாகவோ இயக்கும். ஆனால் எந்தச் செல்லில், எந்தக் கட்டத்தில் என்று கலவையை அளந்தவர்களால் சொல்ல முடியாமல் இருந்தது. 2020இல் சாங்கர், இ.பி.ஐ., கேம்பிரிட்ஜ் குழுக்கள் 125 பேரிடமிருந்து உருவாக்கிய தண்டுச் செல்களை முதிரச் செய்து, வழியெல்லாம் ஒற்றைச் செல்களாக வாசித்தன. சில வேறுபாடுகள் வளர்ச்சியின் ஒரு குறுகிய கட்டத்தில் மட்டும் வேலை செய்து, பிறகு மறைந்துபோயின. 2022இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று 982 பேரின் ரத்தத்திலிருந்து 12 லட்சத்துக்கு மேற்பட்ட செல்களை வாசித்து இதைப் பெரிய அளவில் செய்தது. நோயோடு தொடர்புடைய மரபணு வேறுபாடு எந்தச் செல் வழியாக நோயாகிறது என்று கேட்பவர்கள் இனி இந்த வழியில்தான் போக வேண்டியிருக்கும்.

பிறந்தபின் செல்களில் சேரும் மாற்றங்களைத் தேடுவது இன்னொரு கிளை. இதில் சாங்கர் நிறுவனம் முன்னோடி. குடலின் உட்சுவரில் இருக்கும் சிறு குழிகள் ஒவ்வொன்றும் ஒரே தண்டுச் செல்லின் வாரிசுகள் என்பதால், ஒரு குழியை வாசித்தால் ஒரு செல்லின் மாற்றங்களைப் படித்தது போல. 2022இல் வெளியான ஆய்வு 16 பாலூட்டி இனங்களின் 208 குழிகளை வாசித்தது. மனிதருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 47 மாற்றங்கள், சுண்டெலிக்கு ஏறத்தாழ 796. ஆயுளால் பெருக்கிப் பார்த்தால் இனங்களுக்கு இடையிலான இந்தப் பெரிய இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கியிலிருந்து முடியில்லாத மோல் எலி வரை ஒரே போக்கு. இதற்கான காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

நான்காம் ஆண்டின் முடிவில் ஆய்வேடு 60,000 சொற்களுக்குள் அடங்க வேண்டும். வாய்மொழித் தேர்வு மூடிய அறையில், பல்கலைக்கழகத்துக்கு உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர் என்று இரண்டு தேர்வாளர்களோடு நடக்கும், பார்வையாளர் கிடையாது. திருத்தங்கள் முடிந்தபின் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்கும், தரவு பக்கத்துக் கட்டடத்தின் தரவகத்துக்கும் போகின்றன. பட்டம் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் ஹைடல்பர்க், ஸ்டாக்ஹோம், பாஸ்டன் ஆய்வகங்களுக்குப் பணியாற்றப் போவார்கள். இன்னொரு பகுதியினர் மருந்து நிறுவனங்களுக்கும், ஹிங்ஸ்டனுக்குச் சில மைல் தூரத்தில் இல்லுமினா அலுவலகம் இருக்கும் கிராண்டா பூங்கா போன்ற தொழிற்பேட்டைகளுக்கும் போவார்கள். மூத்தவர்களும் இதே வழியில் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ரெகெவ் 2020இல் ஜெனன்டெக் நிறுவனத்துக்குப் போனார், மரியோனியும் பின்னர் அங்கே சேர்ந்தார். டைக்மான் 2024இல் ஹிங்ஸ்டனை விட்டு, ஆடன்புரூக்ஸ் வளாகத்திலுள்ள கேம்பிரிட்ஜ் தண்டுச் செல் நிறுவனத்துக்கு மாறினார்.